சுனைத் தண்ணீர் முதல் ராகிக் கூழ் வரை: கலங்கல் அளக்கும் கைக்கருவியோடு இரண்டரை மழைக்காலம்

மூன்று மழைக்காலம் முழுதாகப் பயன்படுத்திய பிறகுதான் இந்தக் கருவியைப் பற்றி எழுதுவது என்று இருந்தேன். இரண்டரையிலேயே எழுத வேண்டியதாகிவிட்டது. ஐப்பசி மழை கொட்டிக்கொண்டிருக்கிறது. கருவியோ கோயம்புத்தூரில் ஒரு சேவை மையத்தின் அலமாரியில் 5 வாரமாக உட்கார்ந்திருக்கிறது. எனக்கும் கை சும்மா இருக்கிறது.

கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கும் எனக்கும் கணக்கு இன்னும் தீரவில்லை. தீராத கணக்கில் ஒருவர் பெயரைச் சந்திக்கு இழுப்பது முறையாகாது. தவிரவும், இந்த வகைக் கருவிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே அச்சில் வார்த்தவை: உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிய பெட்டி, மேலே மூடி, உள்ளே ஒரு கண்ணாடிக் குப்பி உட்காரும் குழி, 4 பென்சில் பேட்டரி, 0 முதல் 1000 வரை காட்டும் திரை. எதை வாங்கினாலும் நான் பட்டதில் முக்கால் பங்கை நீங்களும் படுவீர்கள்.

நான் வேதியியல் ஆசிரியை. ஓய்வு பெற்றுக் கோத்தகிரியில் இருக்கிறேன். எங்கள் வீட்டுக்குக் கீழே இரண்டு ஓடைகள் சேருகின்றன. ஒன்று லாங்வுட் சோலைப் பக்கமிருந்து வருவது. 116 ஹெக்டேர் சோலைக்காடு. சுற்றியுள்ள ஊர்கள் பலவற்றுக்குக் குடிநீர் அங்கிருந்துதான் வருகிறது. 2024 ஜனவரியில், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில்கூடச் சேர்த்துவிட்டார்கள். மற்றது தேயிலைச் சரிவையும் காய்கறித் தோட்டங்களையும், அண்மையில் மண்ணை வெட்டி அகலப்படுத்திய ஒரு சாலையையும் கடந்து வருவது. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் போகக்கூடாது என்பதால் சோலை ஓடையைக் காட்டின் எல்லைக்கு வெளியே, ஊர்ப் பாலத்துக்கு அருகில்தான் அளக்கிறேன். ஒரே மேகம், ஒரே மழை, இரண்டு ஓடை. இதைவிட நல்ல சோதனைக்கூடம் எனக்கு 31 ஆண்டு வேலையில் கிடைத்ததில்லை.

2009 நவம்பரில் இந்த மலை சரிந்தபோது ஓடைகளில் ஓடியதைத் தண்ணீர் என்று சொல்ல முடியாது. அன்று என்னிடம் ஓர் எண்கூட இல்லை. "பயங்கரமாகக் கலங்கி வந்தது" என்று மட்டும் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறேன். மாணவி ஒருத்தி அப்படி எழுதியிருந்தால் பாதி மதிப்பெண்தான் போட்டிருப்பேன். கருவி வாங்கும் ஆசை அங்கேதான் தொடங்கியது. வாங்கியது 2022 ஜூலையில்.

விலை 78,000 ரூபாய். பணிக்கொடையில் மிச்சம் வைத்திருந்தது. என் கணவர் ஒன்றும் சொல்லவில்லை, "இந்தக் காசுக்கு ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கலாம்" என்றதைத் தவிர.

பெட்டியைத் திறந்தால் கருவி, 6 காலிக் குப்பிகள், அளவு சரிபார்க்க 4 மூடிய குப்பிகள், சிலிக்கான் எண்ணெய் ஒரு சின்னப் புட்டி, பஞ்சு போன்ற கறுப்புத் துணி ஒன்று. விளக்கக் கையேட்டில் 7 மொழிகள் இருந்தன. தமிழ் இல்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

வேலை செய்யும் விதம் எளிது. ஓட்டு வீட்டில் கூரைச் சந்து வழியாக வெயில் கீற்று இறங்கும்போது அதில் தூசி மினுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீற்றை நேருக்கு நேர் பார்த்தால் கண் கூசும். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தூசி தெரியும். கருவியும் அதையே செய்கிறது. குப்பியின் ஒரு பக்கமிருந்து ஒளியைப் பாய்ச்சி, அதற்குச் செங்கோணத்தில், 90 டிகிரியில், சிதறி வரும் ஒளி எவ்வளவு என்று பார்க்கிறது. இதன் ஆங்கிலப் பெயர் நெஃபெலோமீட்டர், மேகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. கோத்தகிரி மூடுபனியில் உட்கார்ந்து அளக்கும் எனக்கு அந்தப் பெயர் பிடித்திருக்கிறது.

வாங்குவதற்கு முன் கவனிக்க வேண்டியது விளக்கு. வெள்ளை ஒளி விளக்கு உள்ள கருவிகள் என்.டி.யூ. என்ற அலகில் காட்டும், அமெரிக்க முறை. 860 நானோமீட்டர் அகச்சிவப்பு விளக்கு உள்ளவை எஃப்.என்.யூ. என்று காட்டும், இது ஐ.எஸ்.ஓ. 7027 முறை. கடைக்காரர் இரண்டும் ஒன்றுதான் என்பார். அளவு திருத்தும் கரைசலில் ஒன்றுதான், ஓடையில் அப்படியில்லை. சோலை ஓடையில் முதல் மழைக்குப் பிறகு வரும் நீர், இலைச் சருகு ஊறி, கலங்காமலேயே பழுப்பாக இருக்கும். கடுங்காப்பியை ஆற்றில் ஊற்றியது போல. அந்த நிறம் வெள்ளை ஒளியை விழுங்கிவிடும். கருவி உள்ளதைவிடக் குறைத்துச் சொல்லும். அகச்சிவப்பை அந்த நிறம் அவ்வளவாகத் தொடுவதில்லை. காட்டு ஓடைக்கு வாங்குகிறீர்கள் என்றால் அகச்சிவப்பு விளக்கையே கேளுங்கள். நான் கேட்டு வாங்கினேன். இந்த ஒரு முடிவுக்காக என்னை நானே பலமுறை மெச்சிக்கொண்டிருக்கிறேன்.

இனிக் குப்பிக் கதை. கருவியைப் பற்றி எழுதினால் பாதி இதுதான்.

முதல் மாதம் ஓடையில் பாட்டிலில் நீர் பிடித்து, வீட்டுக்குக் கொண்டுவந்து, சமையலறை மேசையில் வைத்து அளந்தேன். ஆசிரியர் புத்தி, மேசை இல்லாமல் சோதனையா? ஒருநாள் காலை சோலை ஓடை பளிங்குபோல் இருந்தது. அடியில் கிடக்கும் கூழாங்கல்லின் கோடுகளைக்கூட எண்ணலாம். கருவி 14 என்றது. மறுபடி வைத்தேன்: 19. துடைத்து வைத்தேன்: 8. மறுபடி: 16. கருவி கெட்டுவிட்டது, 78,000 போய்விட்டது என்று வயிறு கலங்கியது. அப்புறம் குப்பியைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தேன். வெளிப்புறம் முழுக்க நுண்ணிய முத்துகள். ஓடை நீர் 14 டிகிரி. சமையலறையில் இட்லி வெந்துகொண்டிருந்தது. குளிர்ந்த கண்ணாடியில் ஆவி படிந்து, துடைக்கத் துடைக்க மறுபடி படிந்துகொண்டே இருந்தது. நான் இட்லிப் பானையின் ஆவியை அளந்துகொண்டிருந்தேன்!

அன்றிலிருந்து ஓடையோரப் பாறையில் உட்கார்ந்துதான் அளப்பது. அட்டை கடிக்கும், கடிக்கட்டும்.

குப்பியைக் கையாள எனக்குள் ஒரு பூசைமுறையே உருவாகிவிட்டது. கழுத்தைத் தவிர வேறெங்கும் விரல் படக்கூடாது. ஒரு கைரேகை என்பது 2, 3 அலகு. ஓடை நீரால் இரண்டு முறை அலசிவிட்டு நிரப்ப வேண்டும். வெளியே துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, துணியால் மெழுகுவதுபோல் தடவினால் கண்ணாடியின் நுண்கீறல்கள் மறையும். அதிகமானால் எண்ணெயே தூசியைப் பிடிக்கும். குப்பியில் போட்டிருக்கும் குறி, குழியில் உள்ள குறியோடு நேராக நிற்க வேண்டும். கண்ணாடி எல்லாப் பக்கமும் ஒரே தடிமன் இல்லை. திருப்பி வைத்தால் எண் மாறும். தெளிந்த நீருக்கு இந்த ஆசாரம் எல்லாம் அவசியம். 200க்கு மேல் போய்விட்டால் அழுக்குக் கையோடு வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

எது தீராத சங்கடம் என்றால், குமிழியும் மணலும். சின்ன அருவிக்குக் கீழே பிடித்த நீரில் கண்ணுக்குத் தெரியாத காற்றுக் குமிழிகள் இருக்கும். கருவிக்குக் குமிழியும் மண்தான். குமிழி போகட்டும் என்று ஒரு நிமிடம் காத்திருந்தால், அதற்குள் மணல் குப்பியின் அடியில் உட்கார்ந்துவிடும். ஒளி போகும் பாதை நடுவில் அல்லவா இருக்கிறது? குலுக்கினால் மணல் எழும், குமிழியும் எழும். பால்புட்டியைக் கவிழ்ப்பது போல மெல்ல நாலைந்து முறை கவிழ்த்து, நிமிர்த்தி, உடனே வைத்து, அடுத்தடுத்து 3 முறை படித்து, நடு எண்ணை எழுதுகிறேன். கையேடு இதைச் சொல்லவில்லை. கை பழகுவதற்கு ஒரு மழைக்காலம் ஆயிற்று.

எங்கள் ஊரில் குடிநீர் வால்வு திறந்துவிடும் அண்ணன் ஒருவர் இருக்கிறார். 26 ஆண்டாக இந்த இரண்டு ஓடைகளையும் பார்த்து வருபவர். கருவியை முதன்முதலில் காட்டியபோது மரியாதையாகப் பார்த்தார். "இது என்ன சொல்கிறது, டீச்சர்?" என்றார். "43 என்கிறது" என்றேன். "43 என்றால் முதல் கழுநீரா, இரண்டாம் கழுநீரா?" என்று கேட்டார்.

அவரிடம் ஏற்கெனவே ஓர் அளவுகோல் இருந்தது. சுனைத் தண்ணீர், இரண்டாம் கழுநீர், முதல் கழுநீர், பால் டீ, ராகிக் கூழ். இரண்டாம் கழுநீர் வரை தொட்டிக்குத் திறப்பார். முதல் கழுநீர் வந்தால் பொறுத்துப் பார்ப்பார். டீ வந்துவிட்டால் மூடிவிடுவார். நான் அவரைப் பாலத்தின்மேல் நிறுத்தி, எண்ணைக் காட்டாமல் பெயர் சொல்லச் சொல்லி, 40 முறை ஒத்துப்பார்த்தேன். சுனை என்றால் 3க்குக் கீழே. இரண்டாம் கழுநீர் 8 முதல் 25 வரை. முதல் கழுநீர் 30 முதல் 80 வரை. டீ 100 முதல் 450 வரை. கூழ் அதற்கு மேல். 40இல் அவர் பிசகியது 4 முறை; அதில் மூன்று, வெளிச்சம் மங்கிய மாலை. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, சொல்லும் அளவு 1 என்.டி.யூ.; வேறு ஆதாரம் இல்லையென்றால் 5 வரை போகலாம். 1க்கும் 5க்கும் உள்ள வேறுபாடு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அண்ணன் கண்ணுக்கும்தான். அந்த இடத்தில் கருவி ஜெயிக்கிறது. மற்ற இடங்களில், 78,000 ரூபாயும் 26 ஆண்டும் ஏறக்குறையச் சமமாகத்தான் ஓடின.

இதற்கு முன் இணையத்தில் 9,000 ரூபாய்க்கு ஒரு மலிவுக் கருவி வாங்கியிருந்தேன். அதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அதைத்தான் முதலில் வாங்குவார்கள். சாதாரண நாட்களில் மோசமில்லை. 2023 நவம்பரில் ஒருநாள் சாலைக்கு மேலே கொஞ்சம் மண் சரிந்து, ஓடை கூழாகவே வந்தது. மலிவுக் கருவி 410 காட்டியது. பத்து நிமிடம் கழித்து இன்னும் கெட்டியாக வந்தது. பாலத்தின் காலே தெரியவில்லை. கருவி 260 என்றது. மண் கூடக்கூட எண் குறைந்தது! குப்பிக்குள் மண் அடர்ந்துவிட்டால், சிதறிய ஒளி வெளியே வருவதற்குள் பக்கத்துத் துகள்களே அதை விழுங்கிவிடும். கருவியின் கண்ணுக்கு எட்டும் ஒளி குறைகிறது. கருவி அதைத் தெளிந்த நீர் என்று நினைத்துக்கொள்கிறது. நேரில் போகாமல் எண்ணை மட்டும் பார்ப்பவர், வெள்ளம் தெளிகிறது என்று நிம்மதியாகத் தூங்கப் போவார். புதிய கருவி அதே நீருக்கு எண்ணே காட்டாமல், எல்லை தாண்டிவிட்டது என்று கண் சிமிட்டியது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் மாணவிமேல் எனக்கு எப்போதும் ஒரு பிரியம் உண்டு. வடிகட்டிய ஓடை நீரை நாலு பங்கு சேர்த்து, அளந்து, 5ஆல் பெருக்கி 1,600 சுமார் என்று எழுதினேன். நீர்த்து அளப்பது துல்லியமாகாது. 'சுமார்' என்ற சொல்லைச் சேர்த்துத்தான் எழுதியிருக்கிறேன்.

அளவு திருத்தம் என்பது தனிச் செலவு. உலகம் முழுவதும் கலங்கலுக்கு மூல அளவு ஃபார்மசின் என்ற வெண்ணிறக் கலவை. 1926 முதல் புழக்கத்தில் இருக்கிறது. ஹைட்ரசின் சல்பேட்டையும் ஹெக்சமைனையும் கலந்து 24 மணி நேரம் 25 டிகிரியில் வைத்தால் 4000 அலகுள்ள கலவை கிடைக்கும். நானே செய்துகொள்ளலாம் என்று இருந்தேன். கோத்தகிரியில் 24 மணி நேரம் 25 டிகிரிக்கு நான் எங்கே போவேன்? தவிர ஹைட்ரசின் நச்சு. வீட்டில் வைக்கும் பொருள் இல்லை. ஆகவே கம்பெனியின் மூடிய குப்பிகளைத்தான் வாங்க வேண்டும். காலாவதித் தேதி போட்டிருக்கிறார்கள். ஆண்டுக்கொரு முறை 11,000 ரூபாய். வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை. பிரிண்டரை விற்றுவிட்டு மையில் சம்பாதிக்கும் அதே வியாபாரம்.

மெழுகுவத்தியால் கலங்கலை அளந்த காலமும் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த ஜாக்சன் முறை: தட்டையான அடியுள்ள நீளக் கண்ணாடிக் குழாய்க்குக் கீழே மெழுகுவத்தி, மேலிருந்து பார்த்தபடி நீரை ஊற்றிக்கொண்டே போவது, சுடரின் உருவம் கரைந்து மறையும் உயரம்தான் அளவு. 25க்குக் குறைவான கலங்கலை அது காட்டாது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒருமுறை செய்து காட்டினேன். குழாய் விரிசல் விட்டு, மெழுகுவத்தி அணைந்து, மேசை முழுக்கச் சேறு. ஆனால் அந்த வகுப்பில் படித்தவர்கள் இன்றுவரை அதை மறக்கவில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இந்தக் கருவி மண்ணை அளப்பதில்லை. ஒளியை அளக்கிறது. ஓடை எவ்வளவு மண்ணைச் சுமந்து போயிற்று என்று தெரிய வேண்டுமானால் நீரை வடிகட்டி, மண்ணைக் காயவைத்து, எடை போடத்தான் வேண்டும். விளம்பரத் தாளில் இதைப் பூசி மெழுகியிருந்தார்கள். ஏதோ ஒரு பொத்தானை அழுத்தினால் லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று வந்துவிடுமென்பது போல. பொத்தான் இருக்கிறது. அதற்குள் போட வேண்டிய கணக்கு உங்கள் ஓடைக்கு நீங்களே கண்டுபிடிக்க வேண்டியது.

என் பழைய மாணவி ஒருத்தி ஒரு கல்லூரியில் விரிவுரையாளர். ஆய்வகத்தைச் சனிக்கிழமைகளில் திறந்துவிடுகிறாள். 47 மில்லிமீட்டர் கண்ணாடியிழை வடிதாள். அதை முதலில் கழுவி, காயவைத்து, எடை பார்த்து, அப்புறம் பம்பு வைத்து ஓடை நீரை இழுத்து, 103 முதல் 105 டிகிரியில் உலர்த்தி, ஆறவைத்து, மறுபடி எடை. கிராமில் நான்கு தசம இடம் காட்டும் தராசு. நீலகிரிக் காற்றின் ஈரத்தில், வடிதாளைத் தராசில் வைத்த மறுகணமே கடைசி இலக்கம் ஏறத் தொடங்கும்: 1, 2, 4, 7. தாள் காற்றைக் குடிக்கிறது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு தாளுக்கும் ஒரே நொடியில் படிக்க வேண்டும். இன்னொன்று, பாட்டிலிலிருந்து கொஞ்சம் ஊற்றி வடிகட்டாதீர்கள். மணல் பாட்டிலின் அடியிலேயே தங்கிவிடும். பாட்டிலில் உள்ளதை முழுதும் வடிகட்டி, பாட்டிலையும் அலசி ஊற்றுங்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையினர் இரண்டு முறையையும் ஒப்பிட்டு, ஊற்றி அளக்கும் முறை மணல் மிகுந்த நீரில் எடையைக் குறைத்துக் காட்டுகிறது என்று எழுதியிருக்கிறார்கள். நான் அதைப் படிக்காமல் 9 பாட்டில்களை வீணடித்தேன்.

போன ஆண்டு அக்டோபரில் ஓர் இரவைச் சொல்கிறேன். மழை 8.40க்குப் பிடித்தது. அண்ணன் தொலைபேசியில் கூப்பிட்டார்: "டீச்சர், சாலை ஓடை நிறம் மாறுகிறது." கணவர் குடையும் டார்ச்சும் பிடிக்க, பாலத்துக்குப் போனேன். கரடி நடமாடும் ஊர். இரவில் தனியாகப் போக முடியாது. 9 மணிக்கு 12. 9.15க்கு 88. 9.30க்கு 410. 9.45க்கு 730. 10 மணிக்கு 640. இவ்வளவும் ஓடை இன்னும் ஏறிக்கொண்டிருக்கும்போதே. பாலக்காலில் வண்ணம் அடித்து வைத்திருக்கும் அளவுகோலில் நீர் மிக உயர்ந்து நின்றது 10.30க்கு, அப்போது கலங்கல் 390ஆக இறங்கிவிட்டது. காலை 6 மணிக்கு 46, முதல் கழுநீர். மண் முந்திக்கொண்டு போய்விடுகிறது. வெள்ளம் பின்னால் வருகிறது. காலையில் எழுந்துபோய் ஒரு பாட்டில் பிடித்துவந்து அறிக்கை எழுதுபவருக்கு அந்த 730 கிடைக்கவே கிடைக்காது. அதே இரவில் சோலை ஓடை 38ஐத் தாண்டவில்லை.

9.30க்கும் 10.30க்கும் பிடித்த பாட்டில்களைச் சனிக்கிழமை எடை போட்டோம். கருவிக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்று, 410ம் 390ம். எடையோ முதலாவது லிட்டருக்கு 780 மில்லிகிராம், இரண்டாவது 450. மாணவி தாளை நீட்டினாள். முதல் தாளில் விரலால் தடவினால் நறநறவென்றது. சாலை ஓரத்து மணல். இரண்டாவது தாள் குங்குமம் போல் வழவழவென்று இருந்தது; சிவப்புக் களி. நுண்ணிய களிமண் எடைக்கு அதிகமாக ஒளியைச் சிதறடிக்கும். மணல் எடை நிறைய, ஒளிச் சிதறல் குறைவு. ஆகவே ஏறும் வெள்ளத்துக்கு ஒரு கணக்கு, இறங்கும் வெள்ளத்துக்கு ஒரு கணக்கு. சோலை ஓடைக்கு வேறொரு கணக்கு. இதுவரை கருவியின் எண்ணும் மண்ணின் எடையுமாக 27 இணைகள் சேர்த்திருக்கிறேன். இரண்டையும் இணைக்கும் கோடு இன்னும் நேராகவில்லை.

அப்படியானால் கருவி எதற்கு என்று கேட்கலாம். எப்போது பாட்டில் பிடிக்க வேண்டும் என்று அது சொல்கிறது, அதற்கு. கலிபோர்னியாவில் காஸ்பர் கிரீக் என்று ஓர் ஆய்வுக்காடு இருக்கிறது. மரம் வெட்டுவதால் ஓடைக்கு என்ன ஆகிறது என்று 1962 முதல் அளந்து வருகிறார்கள். அங்கே கலங்கல் உணரியை ஓடைக்குள்ளேயே தொங்கவிட்டு, கலங்கல் குறிப்பிட்ட படிகளைத் தாண்டும்போதெல்லாம் ஒரு பம்பு தானாகவே பாட்டிலில் நீர் பிடிக்கும்படி செய்தார்கள். மழை எப்போது வந்தாலும், ஏறும்போதும் இறங்கும்போதும், வேண்டிய பாட்டில்கள் மட்டும் கிடைக்கும். எங்களுக்கு அவ்வளவு வசதி ஏது? எங்கள் உணரி அண்ணன். எங்கள் பம்பு நான். அண்ணன் கூப்பிட்டதும் போய், கருவியில் 50, 100, 200, 400 என்று தாண்டும்போதெல்லாம் ஒரு பாட்டில். வடிதாள் ஒன்று 60 ரூபாய் ஆகிறது. கண்டபடி பிடித்து வடிகட்ட முடியாது. கருவி இல்லாவிட்டால் அந்த இரவில் எந்தப் பாட்டில் உருப்படியானது என்று எனக்குத் தெரிந்திருக்காது. விலைக்கு நியாயம் அங்கேதான் கிடைத்தது.

விளையாட்டாகவும் கொஞ்சம் பயன்படுத்தினேன். என் அம்மா மண்பானையில் தேற்றாங்கொட்டையை உரசித்தான் மழைக்கால நீரைத் தெளியவைப்பார். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி, பானையின் உட்புறம் 20 சுற்று உரசி, சாலை ஓடை நீரை ஊற்றினேன். 180 இருந்தது ஒன்றரை மணி நேரத்தில் 17 ஆனது. உரசாத பானையில் 96. அம்மா இருந்திருந்தால் "இதற்கு எண் வேறு வேண்டுமா?" என்று கேட்டிருப்பார்.

சரி, சேவை மையத்துக்கு வருவோம். பேட்டரி மூடியைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம் உண்டு. நீர் புகாது என்று அட்டையில் போட்டிருந்தது. இரண்டாம் ஆண்டிலேயே வளையம் தளர்ந்துவிட்டது. இந்த செப்டம்பர் கடைசியில் குழிக்குள் ஈரம் இறங்கி, காலிக் குழிக்கே 6 காட்டத் தொடங்கியது. மாற்று வளையம் கேட்டேன்; தனியாக விற்பதில்லை, கருவியை அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினேன். முதல் வாரம், வந்து சேரவில்லை என்றார்கள். கூரியர் ரசீதைக் காட்டிய பின் வந்து சேர்ந்தது. இரண்டாம் வாரம், விளக்கையே மாற்ற வேண்டும், 19,500 ரூபாய் என்றார்கள். ரப்பர் வளையத்துக்கா என்று கேட்டதற்குப் பதில் இல்லை. மூன்றாம் வாரம் பேசியவர் நான் எதையாவது ஆற்றில் போட்டுவிட்டேனா என்று விசாரித்தார். "தம்பி, அது ஆற்றை அளக்கும் கருவி" என்றேன். காலிக் குப்பிகூட இங்கே கிடைப்பதில்லை. ஒன்று 1,400 ரூபாய், வர 40 நாள். 6இல் 2 உடைந்துவிட்டது, 1 கீறிவிட்டது.

வாங்கலாமா என்றால், கிணற்று நீரைப் பார்க்கவும் வீட்டுக் குழாயைப் பார்க்கவும் வேண்டாம், பணம் தண்டம். பள்ளிக்கு என்றால் 60 சென்டிமீட்டர் கண்ணாடிக் குழாயும், அடியில் கறுப்பு வெள்ளை வட்டும் போதும். பிள்ளைகள் மேலிருந்து பார்த்து நீரை வடித்துக்கொண்டே வர, வட்டு தெரியும் உயரத்தை எழுதலாம். 400 ரூபாயில் நானே ஒன்று செய்துவைத்திருக்கிறேன். ஓர் ஓடையை ஆண்டுக்கணக்கில் பார்க்கப்போகிறீர்கள், வடிகட்டி எடை போட ஓர் ஆய்வகம் கைவசம் இருக்கிறது, இரவில் எழுந்து போக ஆளும் இருக்கிறது என்றால் வாங்குங்கள். வாங்கும் அன்றே 6 குப்பிகளும் 2 ரப்பர் வளையங்களும் கூடுதலாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கொடுக்கமாட்டோம் என்றால் அந்தக் கடையில் வாங்காதீர்கள். ஐந்து நட்சத்திரத்தில் கருவிக்கு நாலு கொடுப்பேன். சேவைக்கு எதுவும் இல்லை.

நேற்று இரவு 11 மணிக்கு மழை. அண்ணன் கூப்பிட்டார். "டீச்சர், கருவி வந்துவிட்டதா?" "இல்லை, அண்ணா." "சரி, எழுதிக்கொள்ளுங்கள். சாலை ஓடை டீ. சர்க்கரை போடாதது. சோலை ஓடை இரண்டாம் கழுநீர்." நோட்டை எடுத்து, எஃப்.என்.யூ. பத்தியில் அப்படியே எழுதிவைத்தேன். மணி 11.20.